பெல்லட் அடுப்பைச் சுத்தம் செய்ய எந்த பிரஷ், எந்தக் கம்பி?

மரத்தூள், உமி மாதிரி பொருள்களை அழுத்திச் செய்த சின்ன உருளைகள்தான் பெல்லட். அதில் எரியும் அடுப்பு வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எங்கள் பலகாரக் கூடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதுண்டு. மணிக்கு எத்தனை கிலோ எரியும், சிலிண்டரோடு ஒப்பிட்டால் எவ்வளவு மிச்சம், புகை வருமா என்றெல்லாம் கேட்பார்கள். சாம்பலை எதை வைத்து எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். வாங்கிக் கொஞ்ச நாள் போன பிறகு ஃபோன் வரும்: "அண்ணே, தீ முன்ன மாதிரி ஏற மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் அடுப்பில் கோளாறு எதுவும் இருக்காது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பிரஷ் பாதி உருகிக் கிடக்கும்.

காரைக்குடியில் ஒரு பலகாரக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அடுப்பு, எண்ணெய், எரிபொருள் கணக்கு மூன்றும் என் பொறுப்பு. முதலாளி ஒரு ஆச்சி. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம், கைமுறுக்கு என்று கல்யாணச் சீருக்கும் தீபாவளிக்கும் வெளியூர்ப் பார்சலுக்கும் வருஷம் முழுக்க எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டே இருக்கும். முதலில் விறகு, அப்புறம் 19 கிலோ சிலிண்டர், இப்போது பெல்லட். விறகு அடுப்பில் சாம்பல் குவிந்தால் மண்வெட்டியால் வாரிப் போட்டுவிடலாம், அடுப்பு கோபித்துக்கொள்ளாது. பெல்லட் அடுப்பு அப்படி இல்லை. அதில் காற்றை ஊதும் ப்ளோயர் இருக்கிறது, துளைகள் இருக்கின்றன, காற்று போக ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் எங்கே அடைத்தாலும் தீ குறையும், புகை கூடும்.

அடுப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிரஷ் வாங்கப் போகக் கூடாது. நடுவில் வார்ப்பிரும்புக் கிண்ணம். மேலே உள்ள பெட்டியிலிருந்து பெல்லட் அதில் வந்து விழும். கிண்ணத்தின் அடியில் உள்ள துளைகள் வழியாக வரும் காற்று பெல்லட்டைக் கனல வைத்து வாயுவாக மாற்றும். மேல் விளிம்பை ஒட்டி இன்னொரு வரிசைத் துளைகள் இருக்கும். அதில் வரும் காற்றுதான் அந்த வாயுவை முழுசாக எரிக்கும். அடித்துளை அடைத்தால் பெல்லட் எரியாமல் குவிந்து கனன்றுகொண்டு கிடக்கும். மேல்துளை அடைத்தால் தீ மஞ்சளாகி, சோம்பலாக ஆடி, எண்ணெய்ச் சட்டியின் அடியில் கரி பிடிக்கும். எங்கள் மாஸ்டர் சட்டியின் அடியைப் பார்த்தே எந்த அடுப்புக்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவார்.

பிரஷ்ஷை அடுப்புக்காக வாங்காதீர்கள், அழுக்குக்காக வாங்குங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். பெல்லட் அடுப்பில் சேருகிற அழுக்கு ஒரே ஜாதி கிடையாது. பொடியாக உதிரும் நீறு ஒன்று. உருகி இறுகிய சிட்டம் இன்னொன்று, மெக்கானிக்குகள் இதை கிளிங்கர் என்பார்கள். குழாயில் படிகிற புகைக்கரி வேறு. எங்களைப் போல எண்ணெயில் வேலை செய்கிறவர்களுக்கு எண்ணெய் ஆவியும் சாம்பலும் சேர்ந்து வெளியே படியும் பிசுக்கு வேறு. நீறுக்கு எடுக்கும் பிரஷ்ஷைச் சிட்டத்தில் தேய்த்தால் பிரஷ் போகும். சிட்டத்துக்கு எடுக்கும் உளியைக் குழாயில் விட்டால் குழாய் போகும்.

அடுப்போடு சேர்த்து ஒரு பை கொடுத்தார்கள். நைலான் மயிர் வைத்த சின்ன பிரஷ், விரலால் வளைக்கிற மாதிரி தகட்டுச் சுரண்டி, ஒரு கொக்கி. கொக்கி மட்டும் இன்னும் இருக்கிறது. நைலான் 220 டிகிரி வாக்கில் உருகிவிடும், பிளாஸ்டிக் பிரஷ்களில் வரும் பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரிக்கே. நாங்கள் முறுக்குப் போடும் எண்ணெயின் சூடே 170, 180 இருக்கும். வார்ப்பிரும்பு சூட்டை லேசில் விடாது. அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் கிண்ணத்தில் கை வைக்க முடியாது. வேலை முடிந்ததும் ஒரு பையன் அந்த பிரஷ்ஷை உள்ளே விட்டான். மயிர் உருகித் துளைகளுக்குள் இறங்கி உறைந்துவிட்டது. சாம்பல் அடைப்பைத் தட்டி எடுக்கலாம், உருகிய நைலானை அப்படி எடுக்க முடியாது. சுரண்டி எடுத்தது போக மிச்சத்தை அடுப்பு மூட்டித்தான் எரிக்க வேண்டியிருந்தது, அந்த நாற்றத்தில் மறுநாள் காலை பலகாரமே போடவில்லை. அடுப்பு ஆறிவிட்டதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது. புறங்கையைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துப் பார்த்து, சூடு தெரியாவிட்டால்தான் எந்த பிரஷ்ஷும் உள்ளே போகலாம். அதனால் எங்களுக்குச் சுத்தம் என்பது விடியற்காலை வேலை, ராத்திரி வேலை இல்லை.

சிட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கருவிச் செலவில் பாதியை அதுதான் தீர்மானிக்கிறது. மரத்தூள் பெல்லட் நல்லதாக இருந்தால் 100 கிலோவுக்கு ஒன்றிரண்டு கிலோ சாம்பல்தான் மிஞ்சும். கடலைத்தோல் கலந்தால் கூடும். நெல் உமி என்றால் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடச் சாம்பலாக நிற்கும், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. சாம்பலில் பொட்டாசியம் போன்ற காரச் சத்து இருந்தால், சிலிக்காவோடும் மண்ணோடும் சேர்ந்து சீக்கிரமே இளகும், பிறகு கட்டியாக இறுகும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமில்லை. வேரோடு பிடுங்கி மண்ணை உதறாமல் அரைத்துவிட்டால் அந்த மண் முழுக்க நம் கிண்ணத்தில்தான் வந்து நிற்கும். புது ஆளிடம் பெல்லட் வாங்கினால் முதலில் ஒரு மூட்டையைத் தனியாக எரித்து, காலையில் கிண்ணத்தைப் பாருங்கள். பொடியாக இருந்தால் சரி. தட்டினால் கலகலவென்று கட்டி விழுந்தால், பிரஷ் மாற்றுவதைவிடப் பெல்லட் மாற்றுவதே மலிவு.

சிட்டத்துக்கு பிரஷ் ஆகாது. கம்பி பிரஷ் அதன் மேலே வழுக்கிக்கொண்டு போகும், மயிர்தான் வளையும். அதற்கு வேண்டியது முனை தட்டையான ஒரு கம்பி. கடையில் கிடைப்பதெல்லாம் நீளம் போதாது. கொல்லுப்பட்டறையில் செய்து வாங்குவதுதான் சரி. நான் போனபோது பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அடுப்பு எவ்வளவு ஆழம் தம்பி?"

"ஒரு அடிண்ணே. கையில அனல் படாம இருக்கணும்."

"அப்ப ரெண்டேகால் அடி போட்டுக்க. நுனியை உளி மாதிரி தட்டித் தரேன், ஆனா கூரா வேணாம். கூரா இருந்தா வார்ப்பைக் கொத்திப்புடும்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் தெரிந்தது. வார்ப்பிரும்பு கெட்டியானதே தவிர இளக்கம் இல்லாதது. சுத்தியலால் அடித்தாலும் விரிசல் விடும், சூட்டோடு தண்ணீர் தெளித்தாலும் விரிசல் விடும். 12 மில்லி வழுவழுக் கம்பியில் ஒரு முனை தட்டை, மறு முனை வளையம், இவ்வளவுதான் கருவி. கட்டிட வேலைக்கு வாங்கும் முறுக்குக் கம்பியில் செய்ய வேண்டாம், உள்ளங்கையை அறுக்கும். தட்டை முனையைச் சிட்டத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் கொடுத்து நெம்ப வேண்டும், குத்தக் கூடாது. ஆறிய சிட்டம் படக்கென்று விட்டு வரும். சூட்டில் இருக்கும்போது அதே சிட்டம் பிசின் போல இழுக்கும். வேலை நடுவே பெரிய கட்டி விழுந்துவிட்டால் நீளமான இடுக்கியால் எடுத்து வெளியே போடுவோம், அவ்வளவுதான், அப்போது சுரண்ட முயல்வதில்லை. இடுக்கி வேண்டுமானால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் ஒரு நடை போய்ப் பாருங்கள். சுற்றுலா வருகிறவர்கள் கதவையும் எனாமல் தட்டையும் விலை பேசிக்கொண்டிருக்கும்போது, மூலையில் பழைய வீட்டு அடுப்படிச் சாமான் கிடக்கும். அந்தக் கால இரும்பு இடுக்கி ஒன்று கிடைத்தால் பேரன் காலம் வரை வரும்.

கிண்ணத்தின் உட்சுவரை வழிக்கக் கொத்தனார் கரண்டி போல எதுவும் இல்லை. புதுசு வேண்டாம். தேய்ந்து முனை மழுங்கிய பழைய கரண்டியைக் கேட்டு வாங்குங்கள், கொத்தனார் சும்மாவே கொடுப்பார். அதன் ஓரம் கிண்ணத்தின் வளைவுக்குத் தகுந்தபடி ஏற்கெனவே தேய்ந்திருக்கும். பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகடு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது வளையும், வளைந்தால் சிட்டத்தை விட்டுவிட்டு மேலே தடவிக்கொண்டு போகும்.

இனி துளைகள். இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். துளைக்குள் கிடைத்த ஆணியை விட்டுக் குடைவது, பொறுமை போனால் டிரில்லிங் மெஷினை எடுப்பது. மெஷின் வைத்தால் துளை சுத்தமாகும், பெரிசாகவும் ஆகும். ஒரு துளை பெரிசானால் காற்று அந்தப் பக்கமாகவே போகும், மற்ற துளைகள் பட்டினி. தீ ஒரு பக்கமாகச் சாயும், சட்டியில் ஒரு பக்க முறுக்கு கருகும், மறுபக்கம் வெளுத்துக் கிடக்கும். நான் செய்வது இது: துளையின் அளவைவிட அரை மில்லி குறைவான டிரில் பிட் ஒன்றைத் தனியாக வாங்கி, அதன் அடியைத் துணி சுற்றிக் கையால் பிடித்து, துளைக்குள் விட்டு மெதுவாகத் திருகுவேன். பிட்டின் புரிக்குள் சாம்பல் ஏறி வெளியே வந்துவிடும். அடியில் சன்னமான துளைகள் இருக்கும் அடுப்புகளுக்கு சைக்கிள் ஆரக்கம்பி போதும், முனையை அரத்தில் லேசாக மட்டம் பண்ணிக்கொள்ளுங்கள். துளைகளை வாரம் ஒருமுறை பார்த்தாலே போதும், ஆனால் மேல் வரிசையை மறக்கக் கூடாது. கீழ் வரிசை கண்ணில் படும். மேல் வரிசை விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றும் செல்ஃபோன் டார்ச்சும் இல்லாமல் தெரியாது.

கம்பி பிரஷ் விஷயத்துக்கு வருகிறேன். ஹார்டுவேர் கடையில் மூன்று வகை காட்டுவார்கள்: சாதா இரும்புக் கம்பி, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி, பித்தளைக் கம்பி. பித்தளை மெதுவானது, வார்ப்பில் கீறல் விழாது. எஸ்.எஸ். துருப்பிடிக்காது. சாதா இரும்பு விலை குறைவு. மூன்றில் எது நல்லது என்று கடைக்காரரிடம் கேட்டால் எது விலை கூடவோ அதைத்தான் சொல்வார். அடுப்பின் உள்பாகம் எஸ்.எஸ். தகடாக இருந்தால் சாதா இரும்பு பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். அதன் துகள் தகட்டில் ஒட்டிக்கொண்டு, தகடே துருப்பிடித்த மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். இரும்பு அரிப்பை ஆராய்கிற சிக்ரி ஆய்வகம் இருக்கும் ஊரில் இதையெல்லாம் நான் சொல்லித்தரக் கூடாதுதான். எஸ்.எஸ். தகட்டுக்கு எஸ்.எஸ். பிரஷ்ஷோ பித்தளையோ எடுங்கள். பித்தளை என்றால் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பித்தளை முலாம் பூசிய இரும்புக் கம்பியைப் பித்தளை என்றே விற்கிறார்கள். காந்தம் ஒட்டினால் அது பித்தளை இல்லை.

ஆனால் எங்கள் கிண்ணம் வார்ப்பிரும்பு. அதற்கு நான் வேண்டுமென்றே சாதா இரும்பு பிரஷ்ஷைத்தான் வைத்திருக்கிறேன். காரணம் விலை இல்லை. கம்பி பிரஷ் எதுவானாலும் தேயத் தேய மயிர் உதிரும். பக்கத்திலேயே எண்ணெய்ச் சட்டி, மாவு, காயவைத்த பலகாரம். அந்த மெல்லிய கம்பி ஒன்று மனகோலத்தில் போய், ஒரு குழந்தை தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும்? இறைச்சி சுடும் கம்பி அடுப்புகளை இப்படி பிரஷ் போட்டுத் தேய்த்து, உதிர்ந்த மயிரை விழுங்கி ஆபரேஷன் வரை போனவர்கள் இருக்கிறார்கள். சாதா இரும்பு மயிர் உதிர்ந்தால் காந்தம் பிடித்துவிடும். பித்தளை மயிரைப் பிடிக்காது, எஸ்.எஸ். மயிரைப் பிடிக்கும் என்றும் நம்ப முடியாது. அதனால் சட்டிகளை மூடி, மாவை உள்ளே எடுத்து வைத்த பிறகுதான் பிரஷ் போடுவது. போட்டு முடித்ததும் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, அடுப்பைச் சுற்றித் தரையிலும் மேடையிலும் இழுப்பது. பையைத் திருப்பினால் ஒட்டியிருப்பதெல்லாம் தனியாகக் கழன்று விழும். பிரஷ்ஷில் நடுவே வழுக்கை விழ ஆரம்பித்தால் அன்றைக்கே அதற்கு விடைகொடுத்துவிடுவோம்.

பிரஷ்ஷின் கைப்பிடியையும் பாருங்கள். கடையில் வருகிற மரக்கைப்பிடி அரை அடி, முக்கால் அடி. அதை ஒரு அடி ஆழக் கிண்ணத்துக்குள் விட்டுத் தேய்த்தால் விரல் முட்டிதான் முதலில் தேயும். அதே பட்டறையில் கொடுத்து, பிரஷ்ஷைப் பட்டையில் வைத்து ஆணி அறைந்து, 'எல்' வடிவில் நீளக் கைப்பிடி போட்டு வாங்கினேன். அடிப்பக்கம் தேய்க்க நேர் பிரஷ், சுவர் தேய்க்க வளைந்த பிரஷ் என்று இரண்டு இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

இதையெல்லாம் பார்த்த ஆச்சிக்கு வந்த கேள்வி நியாயமானது. "அடுப்பைக் கூட்ட ஒரு தென்னங்குச்சி விளக்குமாறு போதாதாப்பா? இதுக்குப் போயி இத்தனை சாமானா?"

பொடி நீறுக்கு ஆச்சி சொன்னதே சரி. ஈர்க்குமாறு உருகாது, மிஞ்சிப்போனால் நுனி கருகும். குட்டையாக நறுக்கிக் கைப்பிடியளவுக்குக் கட்டினால் சாம்பல் தட்டின் மூலைமுடுக்கெல்லாம் எட்டும். அதைவிட நுணுக்கமான பொடிக்குப் பனந்தும்பு பிரஷ் நல்லது. பனை மட்டையின் அடியிலிருந்து எடுக்கும் தும்பு விறைப்பானது, தூத்துக்குடிப் பக்கமிருந்து பிரஷ் செய்வதற்காகவே வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான சரக்கு. பனங்காட்டுக்காரர்களான நாம் நைலானைத் தேடிக்கொண்டு திரிகிறோம்.

வெளிப் பிசுக்குக்கும் ஆச்சி வைத்தியம்தான். எண்ணெய் ஆவி அடுப்பின் மேல்தகட்டில் படிந்து, அதன் மேல் சாம்பல் ஒட்டிப் பழுப்பாக இறுகும். கெமிக்கல் வாங்கி ஊற்றினால் பெயின்ட்டும் சேர்ந்து உரியும். தேங்காய் நாரைச் சுருட்டி, கொஞ்சம் ஈரம் காட்டி, சலித்த மரச்சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் பிசுக்கு விட்டுவிடும். சாம்பலில் உள்ள காரம் எண்ணெயை அறுக்கும், பாத்திரம் தேய்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. அது வெளித்தகட்டுக்கு மட்டும். முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து உலர விட வேண்டும். கிண்ணத்துக்குள்ளே, துளைகளுக்குள்ளே ஈரமே ஆகாது. நனைந்த சாம்பல் துளையில் இறங்கிச் சுண்ணாம்புச் சாந்தாக இறுகிவிடும், இரும்பையும் அரிக்கும். கழுவினால்தான் சுத்தம் என்று நினைக்கிற கை நம்முடையது. பெல்லட் அடுப்பின் உள்பக்கம் வரைக்கும் அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

புகைக்குழாய்க்கு வருவோம். எங்கள் கூடம் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. உயரக் கூரை, காற்றோட்டம் உண்டு, இருந்தாலும் நாலு அடுப்புக்கும் 4 அங்குலக் குழாய் வைத்து ஓட்டுக்கு மேலே விட்டிருக்கிறோம். கருவிக்கென்று நான் காசு பார்க்காமல் செலவழித்தது இந்த ஒன்றுக்குத்தான். ஆரம்பத்தில் கயிற்றில் சாக்கைச் சுருட்டிக் கட்டி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டு மேலிருந்து இறக்குவார்கள். சாக்கு கரியைச் சுரண்டாது, தடவிப் பளபளப்பாக்கும். உதிர்ந்தது கொஞ்சம், ஒட்டியது நிறைய. பிறகு வட்டமான குழாய் பிரஷ்ஷும், ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கும் வளைகிற தடிகளும் வாங்கினோம்.

வாங்கும்போது குழாயின் உள்விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். 4 அங்குலம் என்று விற்கிற குழாயில் சிலது வெளியளவு, சிலது உள்ளளவு. பிரஷ் உள்ளளவுக்குச் சமமாகவோ ஒரு நூல் கூடவோ இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் ஒரு பக்கம்தான் உரசும். ரொம்பப் பெரிசாக இருந்தால் முழங்கை வளைவில் சிக்கி நிற்கும். கெட்டி இரும்புக் குழாய்க்குக் கம்பி மயிர். உள்ளே மடிப்பு மடிப்பாக வளையும் மெல்லிய குழாய்க்குக் கம்பி வேண்டாம், கிழித்துவிடும். அதற்கு மட்டும் நைலான், அதுவும் குழாய் முழுசாக ஆறிய பிறகு. கம்பி பிரஷ்ஷைக் குழாயின் நடுவில் வைத்து முன்னும் பின்னுமாக ஆட்டக் கூடாது. மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உள்ளே போகும், பாதியில் திசை மாற்றினால் குத்திக்கொண்டு நிற்கும். ஒரே போக்காக மறு முனை வரை தள்ளி, அங்கே வெளியே வந்த பிறகு இழுக்க வேண்டும். தடியைத் திருகுவதானால் வலப்பக்கமாகவே. இடப்பக்கம் திருகினால் தடி கழன்று, பிரஷ் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். எங்கள் பக்கத்துத் தெருச் சமையல்காரர் ஒருவர் அப்படித் தங்கிய பிரஷ்ஷை எடுக்கக் குழாயையே அறுத்தார்.

குழாய்க்குக் கீழே திறக்கிற மூடி இல்லாவிட்டால், பிரஷ் வாங்கும் முன் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். உதிர்கிற கரி எங்கேயாவது வந்து விழ வேண்டுமே. கீழ்வாயில் ஈரச் சாக்கைக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்கினால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பிழைக்கும். எங்கள் பின்கட்டில் அந்தக் கல் இல்லை, இருக்கிற வீடுகளுக்காகச் சொல்கிறேன். குழாயைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குத் தரையைவிடப் பெரிய காரணம் உண்டு. குழாய் அடைத்தால் புகை மட்டும் உள்ளே திரும்புவதில்லை, கார்பன் மோனாக்சைடும் திரும்பும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு மழை நாளில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஆளைக் கொல்கிற விஷயம்.

ப்ளோயருக்கு ஒரு அங்குல பெயின்ட் பிரஷ்ஷும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். பிளக்கைக் கழற்றிவிட்டு, இறக்கைகளின் உட்பக்கம் ஒட்டிய மாவையும் தூசியையும் துடைக்க வேண்டும். பலகாரக் கூடத்தில் அரிசிமாவு காற்றில் எப்போதும் மிதக்கும், எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து இறக்கையில் மொத்தமாகப் படியும். ஒரு இறக்கையில் கூட, இன்னொன்றில் குறைய என்று படிந்தால் ப்ளோயர் அதிரும், சத்தம் மாறும், பேரிங் போகும். வண்டிக்குக் காற்றடிக்கிற இடத்தில் கொண்டுபோய்க் காற்று அடிப்பதானால் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் தாங்காது.

வாரிய சாம்பலை எதில் போடுவது என்பதும் கருவிக் கணக்கில்தான் சேரும். நீறு பூத்த நெருப்பு என்பதைப் பழமொழியாக மட்டும் கேட்டவர்கள் ஒருநாள் சாம்பல் தட்டை ராத்திரி வாரிப் பார்க்க வேண்டும். மேலே வெள்ளையாக, ஆறியதாகத் தெரியும். அடியில் கனல் மறுநாள் காலை வரை உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் முறம், பிளாஸ்டிக் பக்கெட், குப்பைக்கூடை எதுவும் கூடாது. தகர முறம் ஒன்று, மூடியோடு இரும்பு வாளி ஒன்று. பழைய எண்ணெய் டின்னில் வாய் வெட்டிக் காது வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் இறுக்கமான மூடி இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. மூடினால்தான் காற்றில்லாமல் கனல் அணையும். வாளியைச் சிமென்ட் தரையில் வையுங்கள், பெல்லட் மூட்டைக்கும் சாக்குக்கும் பக்கத்தில் வேண்டாம். ஒரு நாள் முழுக்க விட்டு, கிளறிப் பார்த்து, பிறகு தென்னை மரத்தடியில் போடலாம். யூரியா வைத்த அன்றைக்குப் போட வேண்டாம், சாம்பலின் காரத்தில் உரச்சத்து ஆவியாகப் போய்விடும்.

வீட்டு வேக்குவம் கிளீனரைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். நீறின் பொடி அதன் பைக்குள் நிற்காது, பின்வழியாக அறை முழுக்க வரும். ஒரே ஒரு கனல் போதும் உள்ளே இருக்கும் தாள் பை பற்றிக்கொள்ள. சாம்பலுக்கென்றே உலோக உடம்போடும் தனி ஃபில்டரோடும் வருகிற வேக்குவம் இருக்கிறது. நாலு அடுப்பு வைத்திருக்கிற எங்களுக்கே அது தேவைப்படவில்லை, ஒற்றை அடுப்பு வைத்திருக்கிறவர்கள் அந்தப் பணத்தைக் குழாய் பிரஷ்ஷில் போடலாம். முகக்கவசமும் கண்ணாடியும் மட்டும் விடாதீர்கள். சாம்பல் கண்ணில் விழுந்தால் தூசி விழுந்த மாதிரி இல்லை, காரம் எரிக்கும்.

கருவிகளை அடிக்கடி எடுக்க வேண்டிய காலம் எங்களுக்கு ஐப்பசி. தீபாவளி ஆர்டர் குவிகிற அதே நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் இறங்கும். ஈரக் காற்றில் பெல்லட் ஊதி, மூட்டைக்குள்ளேயே தூளாகும். தூள் கிண்ணத்தில் விழுந்தால் எரியாமல் துளையை மூடும். மற்ற மாதங்களில் வாரம் ஒருமுறை பார்க்கும் துளைகளை அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பார்ப்போம், குழாயை மழைக்கு முன்பே ஒருமுறை இழுத்துவிடுவோம். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைப்பது, தூளைச் சல்லடையில் சலித்துவிட்டுப் பெட்டியில் கொட்டுவது, இந்த இரண்டும் செய்தால் பிரஷ் வேலை தானாகக் குறையும். ரொம்பப் பெரிய கண் சல்லடை வேண்டாம், மாவு சலிக்கிறதும் வேண்டாம். பெல்லட் 6 மில்லி, 8 மில்லி தடிமன்தான். மணல் சலிக்கும் நடுத்தரச் சல்லடை சரியாக இருக்கும்.

மழைக்காலத்தில் கம்பி பிரஷ்ஷைத் தரையில் போட்டால் ஒரே வாரத்தில் துருவேறும். ஆணி அடித்து மாட்டிவிடுங்கள். அடுப்புக்கு ஒரு ஆணி என்று பிரித்து மாட்டினால் இன்னும் நல்லது, எந்தக் கம்பி காணாமல் போனது என்று ஒரு பார்வையிலேயே தெரியும். எங்கள் கூடத்தில் அடிக்கடி காணாமல் போவது அந்தக் கொத்தனார் கரண்டிதான். யாராவது வெல்லப் பாகு வழிக்க எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இப்போது அதன் கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன், சிவப்பு அடித்த எதுவும் சமையல் சாமானோடு சேரக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.